கண்வலிப் பூவைத் தேடி: கொங்கு நாட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: சூலூர், பல்லடம் பக்கம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் படம். கறுப்புப் பின்னணியில் எரிகிற ஒரு விளக்கு, பக்கத்தில் செங்காந்தள் பூ. கனடாவில் இருக்கிற ஈழத்து நண்பர் ஒருவர் போன நவம்பரில் அனுப்பியது. என் போனை வாங்கிப் பார்த்த மூலனூர்ச் சித்தப்பா, "இது நம்ம கண்வலிக் கெழங்குப் பூவாச்சே, இதுக்கெதுக்குடா வெளக்குப் பத்த வெச்சுருக்காங்க?" என்று கேட்டார். நண்பருக்கு அந்தப் பூ, செத்துப்போன விடுதலைப் புலிகளுக்கு விளக்கு வைக்கிற மாவீரர் நாள். சித்தப்பாவுக்கு அது அந்த வருஷத்து வெள்ளாமை. அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது: துப்பாக்கி தூக்கின இயக்கங்கள் தங்கள் கொடிக்கும் போஸ்டருக்கும் பூவையும் மிருகத்தையும் கல்லையும் எங்கிருந்து எடுக்கின்றன, எடுத்த பிறகு அந்தப் பூ பழைய பூவாகவே இருக்கிறதா. பத்து வருஷமாக இந்தச் சின்னங்களைப் பற்றிப் படித்துக்கொண்டும் படம் சேர்த்துக்கொண்டும் இருக்கிறேன், ஆனால் எல்லாம் திரையில் பார்த்ததுதான். இந்த நவம்பரில் ஐந்து நாள் லீவு கிடைத்தது, நம் ஊர்ப்பக்கத்தையே ஒரு சுற்று வந்துவிடலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

முதலில் புலி.

சூலூரிலிருந்து பல்லடம் போகிற வழியில் மெயின் ரோட்டை விட்டு நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, ஒரு வேப்ப மரத்தடியில் புலிகுத்திக்கல் இருக்கிறது. கொங்கு நாட்டில் இந்தக் கற்கள் நிறைய உண்டு. பட்டி மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். நான் பார்த்த கல் என் இடுப்பு உயரம். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்த ஆள், இரண்டு கையாலும் ஈட்டியைப் பிடித்திருக்கிறான். புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது, கிட்டத்தட்ட அவன் உயரம், ஈட்டி முனை அதன் வாய்க்குள் போகிறது. அதன் முன்னங்கால் ஒன்று அவன் தொடை மேல் பதிந்திருப்பதைக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. புலியின் வரிகளைச் சிற்பி ஒவ்வொன்றாகக் கீறியிருக்கிறார், விரலை வைத்தால் கோடு தட்டுப்படுகிறது. ஆளின் முகம் மட்டும் எண்ணெய் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்துவிட்டது. கல்லில் எழுத்து இல்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, செருப்பைக் கழற்றச் சொன்னார். "வேட்டைக்காரசாமிங்க கண்ணு. மாடு கன்னுப் போட்டா மொதப் பால் இங்கதான்." பெயர் என்ன என்று கேட்டேன். "பேரென்ன பேரு, எங்கூட்டு ஆளுதான்" என்றார்.

இந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது விடுதலைப் புலிகளின் சின்னம்தான் ஞாபகத்துக்கு வந்தது. 1976 மே மாதம் அந்தப் பெயர் சூட்டப்பட்ட பிறகு, தமிழ்நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்து கொடுத்தது. சிவப்புப் பின்னணி, மஞ்சள், உறுமுகிற புலித் தலை, குறுக்காக இரண்டு துப்பாக்கி, சுற்றிலும் ரவைகளின் வட்டம். சோழர் கொடியின் தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் சோழர் காசுகளில் பாருங்கள், புலி பக்கவாட்டில், அமைதியாக, மீனுக்கும் வில்லுக்கும் பக்கத்தில் குந்தியிருக்கும். அதன் மேல் ஆயுதம் எதுவும் இல்லை. ஈழத்துச் சின்னத்தில் அது முகத்தைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறது, வாயைப் பிளக்கிறது. இலங்கைக் கொடியில் வாள் பிடித்த சிங்கம் நிற்கிறதல்லவா, அதற்குப் பதில் சொல்வதற்கென்றே எழுந்த புலி இது. பக்கவாட்டுப் புலி ஒரு அரசனின் முத்திரை. நேர்முகப் புலி பார்க்கிறவனை ஆள் சேர்க்கிற புலி. இந்த ஒரு திருப்பத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கல்லில் புலிதான் எதிரி. செத்தவன் மாடு மேய்த்தவன்.

இன்னொன்றும் உண்டு. நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஆரம்பித்து வாழ்த்துப் பாடுவது வரை. புலிகள் 1991 வாக்கில் இறந்தவர்களை எரிப்பதை விட்டுவிட்டுப் புதைக்கத் தொடங்கினார்கள், அந்த மயானங்களுக்குத் துயிலும் இல்லம் என்று பேர் வைத்தார்கள், உடல் கிடைக்காதவர்களுக்கு நினைவுக் கல் வைத்தார்கள். புதைப்பது என்று சொல்லமாட்டார்கள், விதைப்பது என்பார்கள். நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி, அப்புறம் ஒரு நிமிட மௌனம், அப்புறம் விளக்கு. பழைய கல்லின் இலக்கணம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு மாற்றம். நடுகல்லை நட்டது ஊர். துயிலும் இல்லத்தை நடத்தியது ஒரு இயக்கம், அடுத்த வருஷமும் அதற்கு ஆள் தேவைப்பட்டது.

இரண்டாம் நாள்: திருப்பூர்

காலையில் ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகத்துக்குப் போனேன். 1932 ஜனவரியில் ஊர்வலத்தில் போலீஸ் அடித்து, மறுநாள் 11ஆம் தேதி இறந்துபோனார். கொடியைக் கீழே விடாமல் பிடித்திருந்தார் என்பதுதான் அவர் படம். இவ்வளவு பெரிய அடையாளத்துக்குத் துப்பாக்கி தேவைப்படவே இல்லை என்பதை, இன்று முழுக்கத் துப்பாக்கிச் சின்னங்களைப் பற்றிப் பேசப் போகிற நான் முதலில் எழுதி வைக்க ஆசைப்பட்டேன்.

அப்புறம் பிரிண்டிங் யூனிட். என்னோடு படித்த ஒருவர் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார், பனியன் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட். நீளமான டேபிள், இரண்டு பக்கமும் ஆள், கட் பீஸ்களை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்கிரீனை இறக்கி, மேலே பிக்மென்டை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஸ்கிரீனைத் தூக்கினால் துணியில் சே குவேராவின் முகம். அடுத்த பீஸ். அடுத்த பீஸ். ஈர பெயிண்டின் வாசனை மூக்கில் ஏறி இன்னும் போகவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவில் பெயிண்ட் கொஞ்சம் திட்டாக நிற்கிறது, க்யூரிங் ஆனதும் சரியாகிவிடும் என்றார்கள்.

"இது எவ்வளவு வருஷமா ஓடுது?" என்று கேட்டேன்.

"நான் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து ஓடுதுங்க. ஒத்தக் கலர். ஒரே ஸ்கிரீன். நெகடிவ்ல பாதி துணியே இருந்துக்கும், பெயிண்ட் கம்மி. ரேட்டு கட்டுப்படியாகும்" என்றார்.

இதைத்தான் புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்தேன், டேபிள் பக்கத்தில் நின்றதும் புரிந்தது. ஒரு சின்னம் பரவுவதற்கு அதன் கருத்து மட்டும் போதாது, ஒரே ஸ்கிரீனில் அடிக்க முடியவேண்டும், இருட்டில் அவசர அவசரமாகச் சுவரில் ஸ்டென்சில் வைத்து அடிக்க முடியவேண்டும், பள்ளிக்கூடப் பையன் டெஸ்க்கில் காம்பஸால் கீற முடியவேண்டும்.

சே படத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1960 மார்ச் 5, ஹவானா. துறைமுகத்தில் லா கூப்ர் என்ற கப்பல் வெடித்துச் செத்தவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம். ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த அந்தப் பிரேமில் ஒரு பக்கம் இன்னொரு ஆளின் முகம், மறு பக்கம் ஒரு பனை ஓலை. இரண்டையும் வெட்டிவிட்டார்கள். 1967இல் சே கொல்லப்பட்ட பிறகுதான் படம் உலகம் சுற்றியது, 1968இல் ஐரிஷ் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைக் கறுப்பு சிவப்பாகச் சுருக்கினார். சாம்பல் நிறம் அத்தனையும் போனது. சாவு வீட்டில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் பார்வை, தொலைதூர எதிர்காலத்தைப் பார்க்கிற பார்வையாக மாறியதற்குக் காரணம் அந்த வெட்டும் அந்தச் சுருக்கமும்தான். யாருக்காகக் கூடியிருந்தார்களோ அந்தச் செத்தவர்கள் படத்தில் இல்லை.

யூனிட்டில் டிசைன் போடுகிற தம்பி ஒருவன் இருக்கிறான், கோரல் டிராவில் படு வேகம். அவனிடம் சில சின்னங்களைச் சொல்லி, எத்தனை ஸ்கிரீன் ஆகும் என்று கேட்டேன். ஜெர்மனியின் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழு: சிவப்பு நட்சத்திரம், மேலே ஒரு எந்திரத் துப்பாக்கி, மூன்று எழுத்து. "ரெண்டுங்கண்ணா." லெபனானின் ஹிஸ்புல்லா: மஞ்சள் துணியில் பச்சை, அல்லா என்ற எழுத்திலிருந்தே ஒரு கை எழும்பித் துப்பாக்கியைப் பிடிக்கிறது. "முக்கா வாசி ஒரே ஸ்கிரீன்ல முடிஞ்சுரும். எழுத்தையும் கையையும் ஒண்ணாச் சேர்த்தவன் பெரிய ஆளுங்கண்ணா" என்றான். அவன் சொன்னது சரிதான். எழுத்து தெரிந்தவனுக்கு அது சாமி பேர், தெரியாதவனுக்குத் துப்பாக்கி. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கவே முடியாதபடி வரைந்திருக்கிறார்கள், அதுதான் அந்தச் சின்னத்தின் பலமும் என்னைப் பயமுறுத்துவதும். ஸ்பெயினிலிருந்து தனி நாடு கேட்டுப் போராடிய பாஸ்க் இயக்கம் ஈட்டா: கோடாலி, அதைச் சுற்றி ஏறுகிற பாம்பு. கோடாலி ஆயுதம், பாம்பு அரசியல் தந்திரம், இரண்டும் சேர்ந்தே போகவேண்டும் என்பது பொருள். 2018இல் அந்த அமைப்பே கலைந்துவிட்டது.

புலிச் சின்னத்தை நான் காகிதத்தில் வரையவில்லை. 1992இலிருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்ட இயக்கம், வாயால்தான் சொன்னேன். "ரொம்ப வேலைங்கண்ணா அது. ரவை ரவையா இருக்குதுல்லீங்க, சின்ன சைஸ்ல அடைச்சுக்கும்" என்றான். அடைச்சுக்கும் என்றால் ஸ்கிரீனின் துளையில் பெயிண்ட் தேங்கிக் கோடு மொத்தையாகிவிடுமாம்.

நெஞ்சில் எளிதாகக் குத்திக்கொள்ள வேறொன்று வேண்டியிருந்திருக்கும் போல. பூ.

மூன்றாம் நாள்: மூலனூர்

தாராபுரம் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லில் காங்கேயம் மாடுகள். ராத்திரி மழை பெய்திருந்தது, புழுதி அடங்கி மண் சிவப்பு நன்றாகத் தெரிந்தது. காலை ஏழு மணிக்கே சித்தப்பாவின் தோட்டத்தில் இருந்தேன்.

கண்வலிக் கிழங்கைத் தோட்டமாகப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பிப் பந்தல் கட்டியிருப்பார்கள், கொடி இலை நுனியைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ முதலில் பச்சை மொட்டு, விரியும்போது மஞ்சள், அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே செடியில் மூன்று நிறத்திலும் இருக்கும். ஆறு இதழ், ஓரம் நெளிநெளியாக, கீழே தொங்காமல் பின்னுக்கு மடங்கி மேல் நோக்கி எழும்பும். எரிகிற மாதிரி. சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்குக் காந்தளைச் சொல்வார்கள், முருகனுக்குச் சூட்டுவார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். ஈழத்தில் கார்த்திகைப் பூ. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதே பூ, அங்கே சுடர் அல்லி என்கிற பொருளில் பேர். மூன்று நாட்டு அரசியலை ஒரு பூ சுமக்கிறது.

ஆனால் சித்தப்பாவின் தோட்டத்தில் பூவை யாரும் பறிப்பதில்லை. பறித்தால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் விதை இல்லை, விதைதான் காசு. விதையில் இருக்கிற கோல்ச்சிசின் மூட்டு வாதத்துக்கு மருந்து, வெளிநாட்டுக்குப் போகிறது. அதே சரக்குதான் விஷமும். கிழங்கு, இலை, விதை எல்லாமே விஷம்.

இந்தப் பூவின் சூல்தண்டு நேராக இருக்காது, அடியிலேயே ஒடித்து வைத்த மாதிரிப் பக்கவாட்டில் படுத்திருக்கும். மகரந்தம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். தானாகக் காய் பிடிப்பது குறைவு, அதனால் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுவிட வேண்டும், அதுவும் காலையிலேயே. நான்கு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: ஒரு பூவின் மகரந்தப் பையை நகக்கண்ணால் கிள்ளி, இன்னொரு பூவின் சூல்முடி மூன்றாகப் பிரிந்திருக்கும் இடத்தில் லேசாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் கெட்டுவிடும். அவர் விரல் நுனி மூன்றும் மஞ்சள் ஏறியிருந்தது, மஞ்சள் அரைத்த கை மாதிரி. "ஒரு நாளைக்கு எத்தன பூங்கக்கா தொடுவீங்க?" என்றேன். "எண்ணறதுக்கு நேரம் ஏதுங்க, வெயிலேறதுக்குள்ள முடிக்கோணும்" என்றார். கண்ணைத் தேய்த்துவிடாதீங்க என்று இரண்டு முறை சொன்னார்.

இந்தப் பூவை ஏன் எடுத்தார்கள் என்பது அந்த வரிசையில் நடந்தபோது நன்றாகவே புரிந்தது. கார்த்திகையில் பூக்கிறது, நினைவு நாளும் நவம்பரில். கொடியின் சிவப்பும் மஞ்சளும் இதிலேயே இருக்கிறது. நெருப்பு வடிவம். வேலியோரத்தில் தானாக முளைக்கிறது, வெயில் காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துபோனாலும் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுவருஷம் முளைக்கும், விதைத்தோம் என்று சொல்கிற இயக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும். விஷமும் உண்டு. கழுத்தில் சயனைடு குப்பி கட்டியவர்களின் பூவுக்கு விஷம் இருப்பதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அந்த அக்கா கையைக் கழுவச் சொன்னபோது உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பூவை எடுத்தது அவர்கள் மட்டும் இல்லை. அயர்லாந்தில் 1916 எழுச்சியில் செத்தவர்களுக்காக 1926இலிருந்து ஈஸ்டர் அல்லியைக் காகிதத்தில் செய்து சட்டையில் குத்திக்கொள்கிறார்கள், பெண்கள் அமைப்பு ஆரம்பித்து வைத்தது. பிரிட்டனில் 1921இலிருந்து சிவப்புக் கசகசாப் பூ. அயர்லாந்துத் தீவிலேயே ஒருவன் நெஞ்சில் அல்லி, இன்னொருவன் நெஞ்சில் கசகசா, அதைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வார்கள். கிளிநொச்சியில் போர் முடிந்த பிறகு இலங்கை ராணுவம் கட்டிய வெற்றித் தூணிலும் பூதான்: பெரிய கான்கிரீட் கட்டி, அதைத் துளைத்து நிற்கிற ஒரு குண்டு, மேலே மலர்கிற தாமரை. துயிலும் இல்லங்களைப் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியதும் அதே ராணுவம்தான். கல்லை உடைப்பதும் பூ வைப்பதும் ஒரே கை. செத்தவர்களின் தாய்மார் போய் உட்கார ஒரு இடம்கூட விடாமல் இடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சித்தப்பா விலையைப் பற்றித்தான் பேசினார். ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் வாங்க ஆள் இருக்காது, வியாபாரி சொல்வதுதான் விலை, கவர்மென்டே ஒரு விலை வைத்தால்தான் உருப்படும். கிளம்பும்போது காற்றில் ஒடிந்து விழுந்திருந்த ஒரு பூவைப் பேப்பரில் சுருட்டிக் கொடுத்தார். "உன்ற சிநேகிதனுக்குப் போட்டோப் புடிச்சு அனுப்பு. எங்க தோட்டத்துப் பூன்னு சொல்லு."

நான்காம் நாள்: மேட்டூர், கொளத்தூர்

ஈரோடு, பவானி, மேட்டூர். நாள் முழுக்கத் தூறல்.

மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர் பக்கத்தில்தான் 1980களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. அந்தக் காலத்தில் இந்திய அரசே பல ஈழ இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது, எம்.ஜி.ஆர். முதலமைச்சர், ஒளிவு மறைவு பெரிதாக இல்லை. இன்றைக்கு அங்கே போனால் மரவள்ளிக் காடும் சோளக் காடும்தான். டீக்கடையில் வயதான ஒருவர் பேசினார். "நல்ல பசங்கப்பா. மரியாதையாப் பேசுவாங்க. எங்க சோத்தக் குடுத்தா காரம் பத்தலம்பாங்க." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதுல எத்தன பேரு இருக்காங்களோ" என்றார். அவர் ஞாபகத்தில் கொடியோ சின்னமோ இல்லை, காரம் போதாத குழம்புதான் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் மூலக்காட்டில் வீரப்பன் சமாதி. 2004 அக்டோபர் 18இல் சுடப்பட்டவர். அவர் எந்தக் கொள்கை இயக்கமும் இல்லை, ஆனால் படம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவரும் ஒரு பாடம். மீசை மட்டும் போதும். வண்டிகளின் பின்னால் மீசை ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள், முகம்கூட வேண்டியதில்லை. திருப்பூர்த் தம்பி சொன்ன மாதிரி ஒரே ஸ்கிரீன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பாலாறு, 1993 ஏப்ரல் 9இல் கண்ணிவெடியில் 22 பேர் செத்த இடம். அவர்களுக்கு ஸ்டிக்கர் இல்லை. வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப்படை முகாம்களில் அடைத்து அடித்த மலைக்கிராமத்து மக்களுக்கும் இல்லை. அந்தப் பெண்களுக்கு நடந்ததை எந்தப் படமாகவும் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது. கோயம்புத்தூரில் 1998 பிப்ரவரி 14 குண்டு வெடிப்பில் 58 பேர் போனார்கள், நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஸ்கூல் பாதியில் விட்டு அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார். குண்டு வைத்தவர்களைப் பற்றி ஏதோ ஒரு படம் எப்போதும் கண்ணில் படுகிறது. செத்தவர்களில் ஒரு முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

ராத்திரி அம்மாபேட்டையில் தங்கினேன். பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன், பூ வாடிவிட்டது, ஆனால் சிவப்பு போகவில்லை.

ஐந்தாம் நாள்: பவானிசாகர்

அந்தியூர், கோபி, சத்தி வழியாக வந்தேன். பவானிசாகரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது, 2021 வரை அகதிகள் முகாம் என்றே பேர். உள்ளே போக அனுமதி வேண்டும், நான் கேட்கவில்லை. கடைவீதியில் ஒரு நண்பர் வீட்டுக்கு முகாமிலிருந்து ஒரு அம்மா தையல் வேலைக்கு வருவார். முன்னமே கேட்டு வைத்திருந்தேன், சம்மதித்து உட்கார்ந்து பேசினார். பேர் எழுதவேண்டாம் என்றார். 1990இல் படகில் வந்தவர், மன்னார்ப் பக்கம். இங்கே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறவே இல்லை.

நான் கேட்க வந்தது மாவீரர் நாளைப் பற்றி. முகாமில் விளக்கு வைப்பீர்களா, என்ன படம் வைப்பீர்கள் என்று. அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். இயக்கத்துக்குப் போனவன். ஆனா அந்த இயக்கம் இல்ல, மற்றது."

1986 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் விடுதலைப் புலிகள், ஈழத்துக்காக ஆயுதம் எடுத்த இன்னொரு இயக்கமான டெலோவைத் தாக்கி அழித்தார்கள். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே முதல் வாரத்தில் கொல்லப்பட்டார், கூடவே எத்தனையோ பொடியன்கள். தமிழனைத் தமிழன். இந்த அம்மாவின் தம்பி அதில் போனவன், பதினெட்டு வயசு. ரோட்டில் கிடந்ததாகச் சொன்னார்கள், இவர்கள் போவதற்குள் இல்லை. புதைத்தார்களா எரித்தார்களா தெரியாது.

நான் முதல் நாள் எழுதியதை நினைத்துக்கொண்டேன். துயிலும் இல்லம், நினைவுக் கல், விதைத்தோம் என்கிற சொல், கார்த்திகைப் பூ, 6.05 மணி. இதில் எதுவும் அவனுக்கு இல்லை. ஐந்து பெரிய இயக்கம் இருந்த காலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி. கடைசியில் ஒரே ஒரு சின்னம் மிஞ்சியது, மற்றவற்றின் பையன்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோதும் அதே கொடிதான் பறந்தது. ஒரு சமூகத்தின் எல்லாச் சாவுக்கும் ஒரே பூவைக் குத்துகிற ஆட்களிடம் நான் சண்டை போடமாட்டேன், அவர்கள் துக்கம் உண்மை, என் கனடா நண்பரின் துக்கம் உண்மை. ஆனால் அந்தப் பூவுக்குள் யார் இல்லை என்று கேட்கிற உரிமை இந்த அம்மாவுக்கு இருக்கிறது, அவருக்காக நானும் கேட்கிறேன்.

பர்சிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். ஸ்டாம்ப் சைஸ், பள்ளிக்கூட அட்டையிலிருந்து உரித்தது, பின்னால் இன்னும் பசை மஞ்சள் ஒட்டியிருக்கிறது. தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிறான். சட்டையின் மேல் பட்டன் போட்டிருக்கிறது, அது கழுத்தை இறுக்குகிற மாதிரித் தாடையைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறான். சீருடைப் படம் ஒன்று இருந்ததாம், கையில் துவக்கோடு. "அத அம்மா கிணத்துக்குள்ள போட்டவா. ஆமியும் பாக்கக்கூடாது, மற்றவங்களும் பாக்கக்கூடாது."

பையில் பூ இருந்தது. காட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அவரே பேப்பரைப் பார்த்துவிட்டு என்ன அது என்று கேட்டார். பிரித்தேன்.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாடின இதழை விரலால் நீவி நிமிர்த்தினார்.

"கார்த்திகைப் பூ. இங்கயும் நிக்குதா?"

மூலனூரில் தோட்டமே போடுகிறார்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "தோட்டமோ? உத யாரும் நடுவினமோ? எங்கட வேலியில தானா நிக்கும் தம்பி. மாடு திண்டா செத்துப்போகும் எண்டு அம்மா காணுற நேரமெல்லாம் புடுங்கி எறிவா. இவன் ஒளிச்சு ஒண்டப் பிடுங்கிக் கொண்டுவந்து எனக்கு நகம் ஒட்டிவிடுவான்."

ஒரு இதழைப் பிய்த்துத் தன் சுண்டு விரல் நகத்தின் மேல் வைத்துக் காட்டினார்.